மூட்டம் போட்ட சோயா

விதைநெல்லுக்கு மூட்டம் போடத் தெரிந்தவனுக்கு சோயாவுக்குப் போடத் தெரியாதா என்று நினைத்தேன். நீடாமங்கலத்துக்காரனுக்கே உரிய நினைப்பு அது.

வினை ஆரம்பித்தது ரயில்வே கேட்டில். எங்கள் ஊரில் கேட் போட்டால் ஒரு நாவலே படித்து முடிக்கலாம். அன்று நான் ஃபோனில் படித்தது சோயா சாஸ் செய்முறை. வேகவைத்த சோயா, வறுத்து உடைத்த கோதுமை, அதன் மேல் தூவ கோஜி என்றொரு பூஞ்சை. முழுப்பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஒரைசா என்றால் நெல். நெல்லின் பேரையே வைத்துக்கொண்டிருப்பது டெல்டாவில் வளராமல் எங்கே வளரும்?

பூஞ்சை வெறும் வேலைக்காரன்தான். அதன் கையிலிருக்கும் அரிவாள் புரோட்டியேஸ் என்னும் நொதி. அதுதான் சோயாவின் புரதத்தை வெட்டி வெட்டி அமினோ அமிலங்களாக்குகிறது. அவற்றில் ஒன்றான குளூட்டமிக் அமிலம்தான் நாக்கைச் சப்புக்கொட்ட வைப்பது. 1908இல் ஜப்பானியர் இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்ததும் இதையேதான். அந்த ருசிக்கு உமாமி என்று பேரும் வைத்தார்.

சித்திரை வெயில். ஆன்லைனில் வாங்கிய கோஜியைக் கலந்து, விதைநெல்லுக்குப் போலவே சாக்கில் கட்டி, வைக்கோல் போர்த்தி, மேலே கல்லும் ஏற்றினேன். கோஜி வளரும்போது தானே சூடு கிளப்பும். 30 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும், அடிக்கடி கிளறி ஆற்ற வேண்டும், 40ஐத் தாண்டினால் போச்சு. இதெல்லாம் செய்முறையின் பிற்பகுதியில் இருந்தது. அதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

மூட்டையைப் பிரித்தால் குப்பென்று ஆவி. ஒரு பயறை எடுத்தேன், நூல் நூலாக இழுத்தது. சூட்டுக்கு அஞ்சாத பாசில்லஸ் பாக்டீரியா குடியேறிவிட்டது. “ஜப்பான்ல இந்த மாதிரி நூல் விடுறதை நாட்டோன்னு காலையில சோத்தோட சாப்பிடுவாங்க” என்றேன் மனைவியிடம். “அப்ப நீங்க அங்கயே போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள்.

மார்கழியில் மறுபடி. மூங்கில் தட்டு, ஈரத்துணி, ராத்திரி எழுந்து கிளறல். மல்லிகை உதிர்ந்தாற்போல வெள்ளையாகப் பூத்தது, பிறகு பசுமஞ்சள். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனி உப்புநீரில் போட வேண்டியதுதான். மொத்தத்தில் 17, 18 சதவீதம் உப்பு இருக்கணும். பிரஷர் மாத்திரை போடுகிறவன் நான். கை கூசியது, பாதியாக்கினேன். உப்பு ருசிக்காக இல்லை, காவலுக்கு. அழுகவைக்கும் கிருமிகளை அது வாசலிலேயே நிறுத்தினால்தான் நொதிகள் ஆறு மாதமோ, அதற்கு மேலுமோ உட்கார்ந்து நிதானமாக வெட்டும். மூன்றாம் வாரம் என் ஜாடி நுரைத்து மூடியைத் தள்ளியது. அறுபது வருஷமாக ஊறுகாய் போடுகிற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள்.

பூஞ்சையே வேண்டாம் என்று முடிவெடுத்ததுதான் என் அறிவின் உச்சம். கறி வேக பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதிலிருப்பதும் புரதத்தை வெட்டும் நொதிதானே, பப்பாயின்? பால் சொட்டும் காயை அரைத்து, வெந்த சோயாவோடு கலந்து, வெதுவெதுப்பாக வைத்தேன். நிஜமாகவே இளகியது! கெட்டுவிடக் கூடாதென்று இம்முறை உப்பை அள்ளிக் கொட்டினேன். விரலால் தொட்டு நக்கினால், வேப்பங்கொழுந்து.

பப்பாயின் புரதச் சங்கிலியைத் துண்டு போடுவதோடு சரி. அந்தத் துண்டுகளில் பல கசக்கும். நுனியிலிருந்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கழற்றிவிட வேறு நொதிகள் வேண்டும். கோஜியிடம் இரண்டு வகையும் உண்டு. கதிரை அறுத்துக் களத்தில் போட்டுவிட்டு, அடிக்காமலே சோறு கேட்டிருக்கிறேன், விவசாயி வீட்டுப் பிள்ளை.

ஜாடியோடு கொல்லைப்பக்கம் போனபோது அம்மா பார்த்துவிட்டாள்.

“உப்பு நெறைய இருக்கா?”

“இருக்கும்மா.”

“தென்னைக்கு உப்பு வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஊத்து.”

இரண்டு மரம் நிற்கிறது, எதற்கு என்று கேட்டேன்.

“காய்க்காததுக்கு ஊத்துடா. காய்க்கிறதைக் கெடுத்துடாத.”