பள்ளிபாளையத்தில் ராமன் நுண்ணோக்கி அமைப்பது எப்படி?

முதலில் வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். இரண்டு தெரு தள்ளிக்கூட விசைத்தறி ஓடக் கூடாது. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ அப்படி ஓர் அறை கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூலக்கூறுகள் நடுங்குவதைப் பார்க்கும் கருவி இது. அறையே நடுங்கினால் எதைப் பார்ப்பது?

வீட்டுக்காரர் சாயப்பட்டறை வைத்திருந்தால் நிச்சயம் கேட்பார்: "சாயம் ஏத்தாம நெறம் எங்கீங்க வரும்?" நியாயமான கேள்விதான். செல்லைப் பார்ப்பவர்களும் காலங்காலமாகச் சாயம் ஏற்றித்தான் பார்த்தார்கள். இங்கே அது வேண்டாம். கொழுப்பு, புரதம், மாவு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தாளத்தில் அதிரும். அந்த அதிர்வே அடையாளம். 'காவிரியில் கலக்கக் கழிவும் இல்லை' என்று கூடவே சொல்லிவிடாதீர்கள். அறை கிடைக்காது.

இந்த அதிர்வு ஒளியில் பதிவதைத் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனும் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு வெயிலே விளக்கு. சிக்கல் என்னவென்றால், ஏறக்குறைய கோடி ஒளித்துகள் போனால் ஒன்றுதான் நிறம் மாறித் திரும்பும். அவற்றைச் சேர்த்து ஒரு படம் எடுப்பதற்குள் நாமக்கல்லில் முட்டை விலை மாறிவிடும்.

ஆகவே இரண்டு லேசர் வாங்குங்கள். கோடியைத் தாண்டும், நகையை வைத்தாலும் பற்றாது. ஒன்று 1,064 நானோமீட்டர், மற்றது 817. இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் கொழுப்பின் அதிர்வோடு சரியாகப் பொருந்தும். அப்போது மூலக்கூறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆட, ஒரு கற்றையின் சக்தி கொஞ்சம் மற்றதற்குக் கைமாறும். ஆனால் இரண்டு லேசரின் ஒளித்துடிப்பும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் வர வேண்டும். பாவு திறக்கையில் நாடா பாயாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துடிப்பின் நீளம் சில பிக்கோ நொடிதான். ஒரு பிக்கோ நொடியில் ஒளி போவது 0.3 மில்லிமீட்டர். கண்ணாடியில் கை பட்டாலே போயிற்று.

கைமாறும் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கற்றையை நொடிக்குப் பல லட்சம் முறை மினுக்கிவிட்டு, மற்றதில் அந்த மினுக்கலை மட்டும் தேடுவார்கள். தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அத்தனை இரைச்சலிலும் அம்மா கூப்பிடுவது கேட்கும்.

முட்டை மஞ்சள் கருவை ஒரு துளி வையுங்கள். கொழுப்பு மணிமணியாக ஒளிரும். விளையாட்டு இல்லை: ஹார்வர்டில் சன்னி ஷீ குழு இம்முறையை 2008இல் நுண்ணோக்கியில் பொருத்தி, 2010இல் வீடியோ வேகத்துக்குக் கொண்டுவந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைக் கட்டியின் துணுக்கை அறுவை அறையிலேயே சாயமின்றிப் படமெடுத்து, கணினி 150 நொடிக்குள் வகை சொன்னது. வழக்கமான முறைக்கு 20 முதல் 30 நிமிடம்.

தறி நிற்கும் நேரம் பார்த்துப் படமெடுக்கலாம் என்று எண்ணுவீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று ஊரே அடங்கும், லேசரும் அடங்கும். ஜெனரேட்டர் மட்டும் வாங்காதீர்கள். அது தறியைவிட மோசமாக ஆடும்.