ஒவ்வொரு ஸ்டேஷனாக மேற்கே

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு எந்த வீட்டில் வந்தது என்று யோசித்தபடியே, போன ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவரில் கையை வைத்தேன். புதிதாக அடித்த பெயிண்டுக்குப் பின்னால் சுவர் ஜில்லென்று இருந்தது. விரலால் லேசாக அழுத்தியதும் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து, உள்ளேயிருந்த பூச்சு ஈர மணலாக விரலில் ஒட்டிக்கொண்டது. முதல் மாடி, ஒரு படுக்கையறை, கூடத்தின் ஓரத்திலேயே சமையல் மேடை, குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. சாவியோடு வந்திருந்த வீட்டுக்காரரின் மகன், "இன்னிக்கே சொல்லிடுங்க சார், உங்களுக்கு முன்னாடி மூணு ஃபேமிலி பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்றான். என் மகள் கைபேசியில் அந்த வீட்டின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். படத்தில் கூடம் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

நாங்கள் பதினேழு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப் போகிறார். தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். அறுபத்து நான்கு வயதில் மறுபடியும் வீடு தேடி அலைகிறேன்.

முதன்முதலில் தேடியபோது எனக்கு வயது 22. 1983ஆம் வருஷத்துக் கோடை, மெட்ராஸ் முழுவதும் குடத்தோடு அலைந்துகொண்டிருந்த கோடை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அம்பத்தூருக்கு வந்தேன். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை அப்போது எங்களைப் போன்ற ஐ.டி.ஐ. பையன்களை மாவட்டம் மாவட்டமாக இழுத்துக்கொண்டிருந்தது. டன்லப், டி.ஐ. சைக்கிள் என்று பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம், அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் மறுபக்கம். நான் அப்படி ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். வேலை கிடைத்தது ஒரே நாளில், வீடு கிடைக்க ஐந்து வாரம். கல்யாணமாகாத பையனுக்கு யாரும் வீடு தரவில்லை. கேட்டில் சிலேட்டைத் தொங்கவிட்டு, "வீடு வாடகைக்கு" என்று சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி, தலையைக் கையாலேயே வாரிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் அவன் தோளில் ஒரு கை வைக்கத் தோன்றுகிறது.

கடைசியில் கிடைத்தது ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்க போர்ஷன். நான்கு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், வாசலில் நீளத் திண்ணை. வாடகை 110 ரூபாய், அட்வான்ஸ் 500. அந்த 500 ரூபாயை அண்ணன் எருமைக் கன்றை விற்று அனுப்பினார். நல்ல வீடு என்று அதைச் சொல்ல மாட்டேன். கோடையில் கிணற்றில் தாம்புக்கயிறு வாரம் ஒரு முழம் நீண்டுகொண்டே போனது. ஐப்பசி பிறந்தால் ஓட்டுக்கு அடியில் எந்த இடத்தில் குண்டான், எந்த இடத்தில் சொம்பு என்று எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். காலையில் கக்கூஸுக்கு வரிசை. அதை இன்பம் என்று இப்போது எழுதினால் அந்த வரிசையில் நின்ற பெண்களுக்கு நான் செய்யும் துரோகம்.

ஆனாலும் வீட்டுக்காரம்மா அதே ஓட்டுக்குக் கீழேதான் படுத்தார். எங்கள் தலையில் சொட்டிய மழை அவர் தலையிலும் சொட்டியது. அதனால் புரட்டாசி கடைசியில் ஓடு மாற்றுகிற ஆள் தானாக வந்துவிடுவார். ஐந்தாம் தேதி வாடகையை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர் எண்ண மாட்டார், நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போ தம்பி" என்பார். ஒரு மாதம் பட்டறையில் சம்பளம் தள்ளிப்போனபோது பதினைந்தாம் தேதிவரை நான் அவர் கண்ணில் படாமல் பின்வழியாக வந்துபோனதைக் கவனித்து, "வாடகைக்காக ஏன் ஒளியுறே, சாப்பிட்டியா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் கூடத்தில் கறுப்பு வெள்ளை சாலிடேர் டிவியில் ஒலியும் ஒளியும் பார்க்க நான்கு குடித்தனமும் உட்கார்ந்திருக்கும், திண்ணையில் தெருவும் உட்கார்ந்திருக்கும். நீங்களும் அப்படி ஒரு கூடத்தில், யாருடைய மடியிலோ குழந்தையாக உட்கார்ந்திருந்திருப்பீர்கள்.

கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், போர்ஷன் போதவில்லை. பிறகு தொடங்கிய பயணத்தை ரயில் பாதையை வைத்தே சொல்லிவிடலாம். 1991இல் திருமுல்லைவாயல். 1998இல் ஆவடியைத் தாண்டி பட்டாபிராம். 2008இல் வேப்பம்பட்டு. அம்பத்தூரிலிருந்து எண்ணினால் எட்டாவது ஸ்டேஷன். ஒவ்வொரு முறையும் வாடகை எங்களைப் பிடித்துவிடும், நாங்கள் இன்னும் கொஞ்சம் மேற்கே ஓடுவோம், பட்டறை மட்டும் அம்பத்தூரிலேயே இருக்கும், சீசன் டிக்கெட்டின் விலை கூடிக்கொண்டே போகும். செழியன் இயக்கித் தேசிய விருது வாங்கிய 'டு லெட்' படத்தை மகள் ஒருநாள் போட்டுக் காட்டினாள். 2007இல் ஐ.டி. சம்பளத்தால் சென்னை வாடகை எகிறிய நேரத்தில், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு குடும்பம் தெருத்தெருவாக அலைகிற கதை. பாதியில் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். "நாம அலைஞ்சது போதாதா, இதை வேற உக்காந்து பாக்கணுமா?" என்றாள்.

2008இல் வேப்பம்பட்டு என்பது கல் நட்ட மனைகளும், நடுவே ஒன்றிரண்டு வீடுகளும், ராத்திரியில் தவளைச் சத்தமும்தான். ஸ்டேஷனிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வாடகை 1,800. இரண்டு அறை, தனிக் கக்கூஸ், கைப்பம்பில் பருப்பு வேகும் தண்ணீர், வாசலில் வேப்பமரம். சித்திரையில் அந்த மரம் பூத்து உதிர்ந்தால் வாசல் தெளித்த ஈரத்தில் பூவெல்லாம் ஒட்டிக்கொண்டு, கோலமே போட வேண்டாம் போலிருக்கும். நகரத்தைவிட்டு இவ்வளவு தூரம் வந்ததற்குக் கிடைத்த கூலி அது என்று நினைத்தேன். இப்போது அதே தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடு. கைப்பம்புத் தண்ணீர் உப்பாகிவிட்டது. 1944 முதல் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர்.

இங்கே வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் எங்களைப் போல ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து தள்ளப்பட்டு வந்தவர்கள்தான். அம்பத்தூர் வீட்டுக்காரம்மாவின் வீடு மாமனார் காலத்தில் கட்டியது, அதன்மேல் தம்படி கடன் இல்லை. இன்றைக்கு அரை கிரவுண்டு வாங்கி, நகையை வைத்து, பாங்கில் இருபது வருஷக் கடன் போட்டுக் கட்டுகிறவருக்கு மாதா மாதம் தவணை நிற்கிறது. அந்தத் தவணையைக் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று குடிவருகிறவர்களுக்குப் பங்கு பிரிக்கிறார். தவணை கட்ட இன்னொரு போர்ஷன் வேண்டும் என்றால் கூடம் பாதியாகிறது, சுவர் நாலரை அங்குலமாகிறது, குளியலறையின் ஜன்னல் காணாமல் போகிறது. சொந்தக்காரர் அந்த வீட்டில் குடியிருப்பதும் இல்லை. சுவரில் ஓதம் ஏறினால் அவருக்கு அது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ.

வேப்பம்பட்டுக்கு முந்தைய ஸ்டேஷன் திருநின்றவூர். அங்கேதான் பூசலார் நாயனார் இருந்தார் என்கிறது பெரியபுராணம். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாமல், மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, விமானம் எழுப்பி, மதிலும் குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ அரசனின் கனவில் இறைவன் வந்து, அன்றைக்குத் தான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், உன் விழாவைத் தள்ளி வை என்று சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். இருதயாலீஸ்வரர் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் என் மனைவி கண்ணை மூடி ரொம்ப நேரம் எதையோ கட்டிக்கொண்டிருப்பாள். கிழக்குப் பார்த்த சமையலறை, துவைக்கிற கல், ஒரு முருங்கை. இந்த நாற்பது வருஷத்தில் அவள் ஒரு செங்கல்லைக்கூட மாற்றி வைத்ததில்லை.

சட்டம் ஒன்று இருக்கிறது. பல பேருக்குத் தெரியாததால் சொல்கிறேன். 1960ஆம் வருஷத்துப் பழைய வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை விரட்டக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாயை மாற்றுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆனால் மூன்று மாதம் என்ற வரியோடு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் முழுவதும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. வீடு இல்லாமல் நிற்கிறவனும் சாவி வைத்திருக்கிறவனும் எப்படிச் சமமாக உடன்படுவார்கள்? காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். 2016 முதல் எல்லா வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் தனி மீட்டர் மாட்டிய வீட்டுக்காரரிடம் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் கொடுத்த குடித்தனக்காரர்களில் நானும் ஒருவன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வாசல்படி மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மூட்டையாகக் கட்டிய துணிகளைக் கட்டில்மேல் அடுக்கிவிட்டு, பக்கத்து மாடியில் அறிமுகமே இல்லாத ஒரு குடும்பத்தோடு தங்கினோம். அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருந்த அந்த ராத்திரி, யாரோ சுக்குக் காப்பி போட்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். அம்பத்தூர் போர்ஷனை விட்டு வந்தபின் அப்படி ஒரு டம்ளர் என் கைக்கு வந்ததில்லை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்த மாத வாடகையில் எனக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை.

இத்தனை மாறியும் மாறாத ஒரு கேள்வி உண்டு. "நீங்க என்ன ஆளுங்க சார்?" 1983இல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டார்கள், இப்போது ஃபோனில் கேட்கிறார்கள். என்னோடு லேத்தில் நின்ற முஸ்லிம் நண்பர் ஒருவர் அம்பத்தூரில் வீடு தேடி நான்கு மாதம் பட்டறையிலேயே படுத்திருந்தார். போன வருஷம் அவருடைய மகன் தேடியபோது, காலியாக இருப்பதாகச் சொன்ன மூன்று வீடுகள் அவன் பெயரைச் சொன்னதும் நிரம்பிவிட்டன. ஈரச் சுவரை, உப்புத் தண்ணீரை, ஜன்னல் இல்லாத குளியலறையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து எங்கே பார்ப்பது என்று கேட்டேன். மகள் வரைபடத்தில் விரலை வைத்து நகர்த்தினாள், செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர். வாடகை 7,500, 7,000 என்று இறங்கிக்கொண்டே போனது. அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் பதினோராவது ஸ்டேஷன்.

வேப்பம்பட்டிலோ வேறு எங்கேயோ வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிற ஐயா, அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பலகை மாட்டுவதற்கு முன்னால், ஐப்பசியில் நல்ல மழை பெய்யும் ஒரு ராத்திரி, ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் படுத்துப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்பதை மறுநாள் காலையில் எழுந்து சொல்லுங்கள்.