டூக்கான் இலக்கணம்: ஐவகையும் புறனடையும்

டூக்கானாவது யாதெனின், அலகு முன்னே வர, பறவை பின்னே வருவது. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை இதன் நிலம். இதை இருவாச்சியின் உடன்பிறப்பு என்பாரும் உளர். அது பொருந்தாது, மூக்கு ஒத்திருந்தால் உறவாகிவிடுமா? இதற்கு உண்மையில் பங்காளி முறை குக்குறுவான். தூரத்து உறவு மரங்கொத்தி.

இனி வகை. நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் ஐந்து பேரினத்துள் அடங்கும்.

முதலாவது, மூக்கால் பெயர்பெற்றது. இதன் தலைமகன் டோகோ: உடல் சுமார் இரண்டடி, அதில் அலகே ஏறத்தாழ 20 செ.மீ. இத்தனை பெரிய அலகு எதற்கு? துணையைக் கவர இருக்கலாம் என்றார் டார்வின். 2009இல் வெப்பப் படக்கருவியோடு வந்த ஆய்வாளர்களோ, உடற்சூட்டை வெளியேற்றும் உறுப்பு என்று காட்டினர். வெயிலில் அலகுக்கு ரத்த ஓட்டம் கூடும், குளிரில் குறையும். சுமக்கவும் சிரமமில்லை: உள்ளே பெரும்பகுதி காற்று, எடை உடலில் இருபதில் ஒரு பங்கே.

இரண்டாவது, அராசாரி. கூட்டுக்குடும்பம்: ஒரே மரப்பொந்தில் ஐந்தாறு பேர், வாலை முதுகின்மேல் மடித்துப் போட்டு உறங்குவர். மூன்றாவது, செலெனிடெரா. ஆணின் மார்பு கருப்பு. பெண்ணுக்கு வேறு நிறம். மற்ற டூக்கான்களில் பெரும்பாலும் இந்தப் பேதம் கிடையாது. நான்காவது, ஆண்டிஸ் மலையின் குளிர்க்காட்டில் வாழும் நீலச்சாம்பல் மார்பினது. ஐந்தாவது, உடலெல்லாம் பச்சையான சிறுவகை. இலைக்குள் புகுந்தால் தேட வேண்டும்.

ஈண்டு ஓர் ஐயம். அமேசான் காட்டில் முதற்பேரினத்தைச் சேர்ந்த இரண்டு இனங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் மரவுச்சியில் அமர்ந்திருக்கும். தொலைநோக்கியோடு நிமிர்ந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். விடை காதில் உள்ளது: ஒன்று குரைக்கும், மற்றது கரகரக்கும். ஆகவே பறவையியலார் அந்தப் பேரினத்தையே குரைப்பன, கரகரப்பன என இரண்டாகப் பகுத்துப் பேசுவர்.

புறனடை: ஐந்திலும் அடங்காதன இரண்டு. ஒன்று, 1935இல் கின்னஸ் பீர் விளம்பரத்தில் தோன்றியது. பழம் உண்ணாது, பீர்க் கோப்பையோடு திரியும். மற்றொன்று, பிரேசில் சமூக ஜனநாயகக் கட்சி; 1988இல் பிறந்தது. சின்னம் டூக்கான் ஆதலால், கட்சிக்காரரையும் ஊரார் டூக்கான் என்றே அழைத்தனர். 1995 முதல் 2002 வரை இவ்வினம் ஆட்சியில் இருந்தது. இதை வகைபிரிக்கத் தனி விதி வேண்டா. அமேசான் விதியே போதும்: தோற்றத்தை நம்பாதே, வாய் திறக்கும்வரை பொறு.