பத்திரத்தில் மட்டும் பரம ஏழை

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான ஏற்பாடு! உண்மை எவ்வளவு அடக்கமாக வெளியே வருகிறது பாருங்கள். கணவர் போன மாதம்வரை ஐடி கம்பெனி மேனேஜர். இன்று அண்ணன் கடையில் எடுபிடி, சம்பளம் எட்டாயிரம். கார் மாமாவுடையது, ஃபிளாட் அம்மாவுடையது, கடன் மட்டும் சொந்தம். மனைவியும் சளைத்தவரல்ல: டியூஷனுக்கு வரும் முப்பது பிள்ளைகளும் வெறும் பாசத்தால் வருகிறார்கள். இருவருக்கும் இலவச வேட்டி சேலை கொடுப்பதே நியாயம். இந்த வறுமையிலும் வக்கீல் ஃபீஸ் வாய்தா தவறாமல் போய்விடுகிறது என்றால், அதுவல்லவா நேர்மை!

வழக்கு முடியுமுன்பே கணவர் மறுமண வரன் தளத்தில் பதிந்துவிட்டார்: மாதம் இரண்டு லட்சம், சொந்த ஃபிளாட், சொந்தக் கார், கடன் இல்லை. மனைவியின் வக்கீல் பிரிண்ட்அவுட் எடுத்துக்கொண்டிருக்கிறார்.