யானைப் பாலத்துக்கு ஒரு நீர்யானை

1910-இல் ராபர்ட் புருசார்ட் என்ற லூசியானா உறுப்பினர் அமெரிக்கக் காங்கிரசில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குவோம். அவை நீர்நிலைகளை அடைத்துக் கிடக்கிற ஆகாயத்தாமரையைத் தின்னட்டும், இறைச்சித் தட்டுப்பாட்டுக்கு நாம் நீர்யானையைத் தின்போம் என்றார். மசோதா தேறவில்லை. தென்காசி யானைப் பாலத்தில் நின்று, அதே செடி அடைத்துக் கிடக்கிற சிற்றாற்றைப் பார்க்கிறபோது, அந்த மனிதரைக் கிறுக்கர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர்ப் பொருத்தம்கூட அமைந்திருக்கிறது.

ஆகாயத்தாமரை என்பது பத்திரிகைகளில் வருகிற பெயர். எங்கள் பக்கம் அது அமலை. தென் அமெரிக்காவில் பிறந்து, ஊதாப் பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்டது. சாக்கடைச் சத்து கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். அதற்கு இங்கே ஒரு குறையும் வைக்கவில்லை. குழாயில் காற்று மட்டும் வருகிற நாளிலும் அமலைக்குப் படியளப்பது நிற்பதில்லை.

குற்றாலம் பேரருவியில் மூலிகைத் தண்ணீர் என்று தலையைக் கொடுக்கிறோம். அங்கே சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாது என்று 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. நல்ல காரியம். அதே தண்ணீர் ஐந்து கிலோமீட்டர் இறங்கி ஊருக்குள் வந்தால், வீட்டுக் கழிவெல்லாம் அதன் தலையில். அருவியில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தால் குற்றம். ஆற்றில் ஓடை ஓடையாகத் திறந்துவிட்டால் நிர்வாகம். காசிக்குப் போக முடியாதவர்களுக்கென்று பராக்கிரம பாண்டியன் கோயில் எடுத்த ஊர் இது. கங்கை படுகிற பாட்டையும் சேர்த்தே இங்கே காட்டிவிட வேண்டும் என்று யாரோ நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அள்ளாமல் இல்லை, அள்ளுகிறார்கள். முதலில் மாலை வரும், அப்புறம் போட்டோக்காரர், கடைசியில் ஜேசிபி. அள்ளியதைக் கரையிலேயே குவிப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: ஈரத் தலைமயிர் மாதிரி கருத்த வேர், அதில் சிக்கிய ஒற்றைச் செருப்பு, சாமிக்குப் போட்ட மாலையின் நார், பால் கவர். காம்பை மிதித்தால் பொட்டென்று வெடிக்கும். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். லாரியில் ஏற்றினால் ஆற்றுத் தண்ணீரையே வாடகை கொடுத்து ஊர்சுற்றக் கூட்டிப் போகிறோம் என்று பொருள். ஏற்றாமல் விட்டால் அடுத்த மழை அதைத் திரும்ப ஆற்றில் சேர்க்கும். ஒரு துண்டு போதும், மறுபடி முளைக்க. சேற்றில் கிடக்கிற விதையோ வருஷக் கணக்கில் காத்திருக்கும்.

“போன வருசந்தான அண்ணாச்சி அள்ளுனாவ?” என்று பாலத்தடி டீக்கடையில் கேட்டேன்.

“வெதைக்க வேண்டாம், உரம் வாங்க வேண்டாம், வருசா வருசம் அறுப்பு. இப்பிடி ஒரு வெள்ளாமை நமக்கு வாய்க்குமாவே?”

1980-களில் பெங்களூரில் கூன்வண்டுகளைத் தருவித்து அமலை மேல் விட்டார்கள். அமலையை மட்டுமே நம்பிப் பிழைக்கிற வண்டு. சில ஏரிகளில் செடியை அடக்கியும் காட்டியது. ஆனால் வருஷக் கணக்காகும். ரிப்பன் வெட்ட முடியாது. வண்டுக்கு பில் போடவும் தெரியாது.

எனக்கு அமலை மேல் கோபமே இல்லை. போட்டதைத் தின்கிறது, வளர்கிறது. சாக்கடையை ஆற்றுக்குத் திருப்பிவிட்டு, அதில் முளைத்ததற்கு ‘அகற்றும் பணி’ என்று பலகை வைக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. மாவட்டம் என்று 2019-இல் பலகை மாற்றினோம். ஓடையின் வாயை மாற்ற ஒரு கை எழவில்லை. ஐப்பசி வெள்ளத்தில் அமலை பாலத்தூணில் அடைத்துத் தண்ணீர் ஊருக்குள் ஏறினால் அது இயற்கைச் சீற்றமாம்! மிச்சம் சீவலப்பேரிக்குப் போய் தாமிரபரணியில் கலக்கும். கீழே இருப்பவன் குடித்துக்கொள்வான். அவன் நம் வார்டு ஓட்டா என்ன?

ஆகவே நீர்யானை வரட்டும். முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் பெயர்சூட்டு. மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரில் நிற்க மாட்டாமல் கரையேறி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு நடக்கும். அமலை உள்ளாட்சி, ஆறு நீர்வளத் துறை, சாக்கடை யாருடையது என்று ஆய்வில் இருக்கிறது, அடுத்த வாரம் வா என்பார்கள். ஒரு ரசீதும் கொடுப்பார்கள்.

நீர்யானை அந்த ரசீதைத் தின்னும். ஊரில் அதற்குக் கிடைத்த முதல் சுத்தமான சாப்பாடு.