டவர் எடுக்கிற பாறை

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி, உரிகம் என்று மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஊருக்குள் நுழைந்ததும் தண்ணீர் எங்கே என்று கேட்காதீர்கள். எந்தப் பாறையில் டவர் எடுக்கும் என்று கேளுங்கள். எடுத்தாலும் பல நேரம் அது கர்நாடகத்து டவர். காவிரிக்காக நம்மைக் கோர்ட்டுப் படி ஏறவைக்கிற மாநிலம், டவரை மட்டும் கேட்காமலே திறந்துவிடுகிறது. மகராசனாக இருக்கட்டும்!

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் செய்கிறது. ஒசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்குப் பாகம் செய்கிறது. பகலெல்லாம் போன் பாகம் செய்த பெண் ராத்திரி மலைக்கு போன் போட்டால், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்கிறது குரல். எந்த எல்லைக்கு வெளியே? அம்மா வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

திட்டம் இல்லாமல் இல்லை. இரண்டே ஆண்டில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் என்று 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்புறம் ‘பாரத்நெட்’ என்று பெயரை மாற்றினார்கள். அந்த வேலை மட்டும் சுருக்காக முடிந்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு ஒரு கார்ப்பரேஷனே தொடங்கி, 12,525 ஊராட்சிகளுக்கு டெண்டர் விட்டது. வேண்டியவர் மட்டும் நுழைகிற அகலத்தில் வாசல் வைத்திருக்கிறார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. நிபந்தனைகள் போட்டியை நெரிக்கின்றன என்று 2020 ஜூனில் மத்திய அரசே அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு மரமேறிக்கொண்டிருந்த நேரம் அது!

மக்களிடம் வருகையும் ரேகையும் வாங்குவதில் மட்டும் அரசுக்கு ஒரு நாள் தாமதம் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைக்கு ஆப்பில்தான் வருகைப் பதிவு என்று ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ. மண்ணை வெட்டிக் கரையில் கொட்டியவள் வந்தாளா என்பதைக் கரை சொல்லக் கூடாதாம், டவர் சொல்ல வேண்டுமாம். ரேஷன் கடையில் ரேகை வைத்தால் மிஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திட்டு விழுவது பாட்டியின் தேய்ந்த விரலுக்கு. அடப்பாவிகளா, அந்த விரல் தேய்ந்தது எங்கே என்று ஒருவராவது கேட்டீர்களா?

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் ஒசூருக்கு விமான நிலையம் அறிவித்தார்கள்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். வரட்டும். ஏறினதும் போனை ஃப்ளைட் மோடில் போடச் சொல்வார்கள். அஞ்செட்டிக்காரருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போன் வருஷக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறது.