வேட்டைக்குப் போற மருமகனுக்கு

மருமகனே, ஜோகன்னஸ்பர்க்குல கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டிருந்த உனக்குத் துப்பாக்கி தூக்க ஆசை வந்திருக்கு. வரட்டும். நீ போன்ல அனுப்புன விலைப்பட்டியலைக் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாம படிச்சுட்டேன்.

தங்குறதுக்கும் கூட்டிட்டுப் போறதுக்கும் நாள் வாடகை. விழுற உருப்படிக்குத் தனி ரேட்டு. இம்பாலா மான் மலிவு, காட்டெருமை கூடுதல், ஆனை சிங்கம்னா உன் வீட்டுக்கடன் பேங்கைக் கேட்டுக்கிட்டுத்தான் போகணும். கடைசியில பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கான், கவனிச்சியா? ஒரு சொட்டு ரத்தம் சிந்திட்டா முழுத் துட்டையும் எண்ணி வைக்கணும். மிருகம் புதருக்குள்ள ஓடிப் போயி அகப்படாட்டாலும் சரிதான். இந்த வரியை எழுதுனவன்தான் அந்தக் காட்டுலயே பெரிய வேட்டைக்காரன்.

போய் இறங்கின உடனே மிருகத்தைக் காட்ட மாட்டான். அட்டையை நட்டு வச்சுச் சுடச் சொல்லுவான். துப்பாக்கியைச் சரிபாக்கன்னு மரியாதையாச் சொல்லுவான், சரிபாக்குறது உன்னைத்தான். உன் லட்சணத்தைப் பொறுத்து, எருமைக்கு எம்புட்டுக் கிட்டத்துல உன்னைக் கொண்டு போயி நிறுத்தணும்னு மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுக்குவான்.

மறுநா விடியுமுன்ன கிளம்புவீங்க. முன்னால தடம் பாக்குறவன் நடப்பான். கையில சின்னத் துணிப்பொட்டலம், உள்ள சாம்பல். ஒரு உதறு உதறுனா காத்து போற திக்கு அவனுக்குத் தெரிஞ்சுபோகும். சாணியைத் தொட்டுப் பாத்தே எருமை எப்பக் கடந்துச்சுன்னு சொல்லிடுவான். நீ முள்ளுல சிக்கிக்கிட்டு, தண்ணி பாட்டிலைத் தேடிக்கிட்டுப் பின்னால போவே. கிட்டப் போனதும் வழிகாட்டி மூணு கால் கம்பை விரிச்சு, துப்பாக்கியை அதுமேல சாத்தி, எந்த எருமைன்னு காதுல சொல்லி, ‘இப்பச் சுடு’ம்பான். பந்தக்கால் நடுறதுல இருந்து பந்தி போடுறது வரைக்கும் சொந்தக்காரன் பாத்துக்குவான், தாலி கட்டுறது மட்டும் மாப்பிள்ளைன்னு இருக்கும்ல, அதுதான் இது. நீ பிசகிட்டா அவன் துப்பாக்கி பின்னால தயாரா நிக்கும். ஊருக்கு வந்து நான் சுட்டேன்னு சொல்லிக்கோ, நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ராஜாக்களுக்கும் இந்த ஆசை உண்டு. 2012 ஏப்ரல்ல ஸ்பெயின் ராஜா யுவான் கார்லோஸ் போட்ஸ்வானாவுக்கு ஆனை வேட்டைக்குப் போனாரு. ஆனை ஒண்ணும் செய்யல. அவராவே விழுந்து இடுப்பெலும்பை ஒடிச்சுக்கிட்டாரு. அது ஒடியலேன்னா போனதே வெளிய தெரிஞ்சிருக்காது. ஸ்பெயின்ல சனங்க வேலையில்லாம திண்டாடுற காலம் அது. ஆஸ்பத்திரியிலேயே மன்னிப்புக் கேட்டாரு. கூத்து என்னன்னா, உலக வனவிலங்கு நிதியத்தோட ஸ்பெயின் கிளைக்கு அவர்தான் கௌரவத் தலைவர்! அந்த வருசமே அந்தப் பட்டத்தைப் பறிச்சுட்டாங்க. நீயும் ஆபீஸ்ல காய்ச்சல்னு லீவு போட்டுட்டுப் போறதா இருந்தா, காலைப் பாத்து வை.

சிங்கம்தான் வேணும்னா தென்னாப்பிரிக்காவுலயே வேலிக்குள்ள வளத்தது உண்டு. குட்டியா இருக்கையில டூரிஸ்டைப் புட்டிப்பால் கொடுக்க விட்டுத் துட்டு. வளந்த பெறகு உன்னை மாதிரி ஆளைச் சுட விட்டுத் துட்டு. முன்னெல்லாம் எலும்பை ஆசியாவுக்கு வித்தும் துட்டு. 2021ல மந்திரி பார்பரா கிரீசி இந்தத் தொழிலை மூடப் போறோம்னு சொன்னாங்க. மந்திரி சொன்ன மறுநாளே நடந்துரும்னு நம்புற வயசா நமக்கு? மனுசனைக் கண்டா சோறு வருதுன்னு பாத்து வளந்த சிங்கம் அது. அதைச் சுட்டதை உன் அத்தை வேணா வீரம்னு நம்புவா.

வேலி இல்லாத சிங்கம்னா பேர் இருக்கான்னு விசாரிச்சுக்கோ. 2015ல ஜிம்பாப்வேயில ஹ்வாங்கே காட்டை ஒட்டி ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் அம்பு விட்ட சிங்கத்துக்கு செசில்னு பேரு, கழுத்துல ஆக்ஸ்போர்டுக்காரங்க மாட்டுன பட்டை. உலகமே திரண்டு வந்ததுல டாக்டர் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியையே பூட்ட வேண்டியதாப் போச்சு.

எல்லாத்தையும் கேலின்னு தள்ளிடாத. நமீபியாவுல 1996ல வந்த சட்டப்படி ஊர்ச்சனங்களே சங்கம் வச்சு, வேட்டைக் காசும் கறியும் வாங்கிக்கிறாங்க. ராத்திரி ஆனை வந்து வெள்ளாமையை மிதிச்சுட்டுப் போற ஊர்ல அது பெரிய காரியம். வேட்டை கூடாதுன்னு ஜெர்மனியில இருந்துக்கிட்டுச் சொன்னவங்களுக்கு 2024ல போட்ஸ்வானா ஜனாதிபதி மசிசி 20,000 ஆனையை அனுப்பி வைக்கிறேன்னாரு. பேச்சுன்னா அது! அதே நமீபியாவுல ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடுற அனுமதி 2014ல டல்லாஸ்ல 3,50,000 டாலருக்கு ஏலம் போச்சு. இனி குட்டிக்கு உதவாத கிழட்டு ஆண், இளசுகளோட வம்புக்குப் போகுது, அதனால சுடலாம்கிறது கணக்கு. அந்தக் கணக்கு நம்ம ஊருக்கு வராத வரைக்கும் நான் பொழச்சேன்.

அதனால அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்ன அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட, நான் குடுக்குறதுல ஊருக்கு எம்புட்டுப் போகுதுன்னு கேளு. இருமுனான்னா வேற ஆளைப் பாரு. தடம் பாக்குறவனுக்குக் குடுக்குற டிப்ஸை அவன் கையிலேயே குடு. மான் போதும்னா குடுன்னு ஒண்ணு இருக்கு, முறுக்குக் கொம்பு. தலையைப் பாடம் பண்ணி வர மாசக்கணக்காகும், கொம்பு ஆள் பாதி உயரத்துக்கு நிக்கும். உன் வீடு ஏழாவது மாடி. முதல்ல லிஃப்ட்டை அளந்து பாரு.